பாடகர் மாறலாமா?

"பழைய பாட்டு ஒண்ணு பாடு, தம்பி!"

கடந்த ஏப்ரல் மாதம், தமிழ்மொழி விழாவையொட்டி உட்லண்ட்ஸ் சமூக மன்றம் ஒன்றில் நடந்த சிறிய இசை நிகழ்ச்சியில் பின்வரிசையிலிருந்து எழுந்த குரல் இது. மேடையில் நின்ற இளையர் எங்கள் புளோக்கில் எனக்கு இரண்டு மாடி கீழே வசிப்பவர். தாமே பாடல் எழுதி, தாமே இசையமைத்துத் தாமே பாடுபவர். அவருடைய முதல் இசைத்தொகுப்பு முழுவதும் கிட்டார் ஒலிக்கும் மென்மையான காதல் பாடல்கள். அவற்றில் இரண்டு மூன்று எங்கள் வட்டாரத் திருமணங்களில்கூட ஒலித்தன. அன்று அவர் தம் இரண்டாவது தொகுப்பிலிருந்து பாடினார். முதல் பாடலில் சொல்லிசை. இரண்டாவதில் மலாய்த் திருமணங்களில் கேட்கும் ஜோகெட் தாளம். மூன்றாவதில், யாரும் எதிர்பாராத வகையில், ஓர் உறுமி.

மூன்றாவது பாடல் முடிந்தபோதுதான் அந்தக் குரல் எழுந்தது. சிலர் சிரித்தனர். சிலர் கைதட்டினர். இளையர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "சரிங்க மாமா, பாடறேன்" என்று சொல்லிக் கிட்டாரை எடுத்தார். அரங்கம் மகிழ்ந்தது. அவர் முகத்தில்தான் மகிழ்ச்சி இல்லை.

அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுவதும் உழைத்துவிட்டு வருபவர் மனத்துக்குப் பழக்கமான ஒன்றைத் தேடுவது இயல்பு. ஒரு பாடலை விரும்பிக் கேட்கும்போது அதனுடன் நம் வாழ்வின் ஒரு பகுதியும் ஒட்டிக்கொள்கிறது. தங்கையின் திருமணம், முதல் வேலை, இரவு நேரப் பேருந்துப் பயணம் என எத்தனையோ நினைவுகள் அதில் இருக்கும். பாடகர் மாறிவிட்டால் அந்த நினைவையே யாரோ பறித்துக்கொண்டதுபோல் தோன்றும். ஆனாலும் அன்று வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாம் விரும்பிய பாடகர் நாம் விரும்பிய இடத்திலேயே நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டா?

இல்லை என்பதே என் கருத்து. பாடகர் மாறலாம். மாறும்போது அவரைக் கொஞ்சம் பொறுமையுடன் கேட்பது நம் பொறுப்பு. சிங்கப்பூர் போன்ற சிறிய தமிழ்ச் சமூகத்தில் அந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல் என்று நினைக்கிறேன்.

ரசிகர்களின் இந்த ஏமாற்றம் புதியதன்று. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1960களின் தொடக்கத்தில் ஒற்றைக் கிட்டாரும் வாயிசைக் கருவியுமாக நாட்டுப்புறப் பாணியில் பாடிப் புகழ்பெற்றவர். 1965ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் அவர் மின்கிட்டாருடனும் இசைக்குழுவுடனும் மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர் பின்வாங்கவில்லை. 2016இல் அவருக்கு இலக்கியத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டபோது, அந்தக் கூச்சல் இசை வரலாற்றில் ஒரு சுவையான நிகழ்ச்சியாக மட்டுமே எஞ்சியிருந்தது.

உங்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றையும் சொல்கிறேன். டெய்லர் சுவிஃப்ட் 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாடல்களுடன் தொடங்கினார். 2014இல் '1989' என்ற தொகுப்பின் மூலம் முழுமையாகப் பாப் இசைக்கு வந்தார். 2020இல் 'ஃபோக்லோர்' என்ற தொகுப்பில் அதையும் விட்டு, அடங்கிய குரலில் கதை சொல்லும் பாடல்களுக்குச் சென்றார். 2024 மார்ச் மாதம் நம் தேசிய விளையாட்டரங்கில் அவர் ஆறு இரவுகள் பாடினார் அல்லவா? அந்த நிகழ்ச்சியே அவருடைய ஒவ்வொரு காலகட்டத்தையும் ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து அமைக்கப்பட்டது. பாணியை மாற்றிக்கொண்டே இருந்ததுதான் பின்னாளில் அந்த நிகழ்ச்சியின் கட்டமைப்பாகவே ஆனது. ஒரே பாணியில் நின்றிருந்தால் அப்படியொரு நிகழ்ச்சியை அமைத்திருக்கவே முடியாது.

ஆனால், டிலனும் சுவிஃப்ட்டும் பெரிய நாட்டின் பாடகர்கள். அவர்களுக்குப் பத்துப் பேர் போனால் நூறு பேர் வருவார்கள். ஆகவே, என் கருத்துக்கு முக்கியச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது வேறொருவரை. அவர் ஒரு தமிழ்ப் பெண். அந்த இசைத்தொகுப்பின் பெயரும் ஒரு தமிழ்த் தாயின் பெயர்தான்: 'கலா'.

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் யாழ்ப்பாணத்திற்குச் சென்றது. போர்ச் சூழலில் குடும்பம் இடம்பெயர்ந்தது. சிறிது காலம் சென்னையில் வாழ்ந்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் திரும்பினார்கள். அங்கே அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் வளர்ந்தார். தாயார் கலா தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். மகள் படித்தது இசையன்று. லண்டனின் புகழ்பெற்ற சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படமும் கலையும் பயின்றார். பின்னர், ரோலண்ட் நிறுவனத்தின் எம்சி-505 என்னும் சிறிய மின்தாளக் கருவி ஒன்றைப் பழகி, அதில் தாளங்களை அடுக்கிப் பாடத் தொடங்கினார்.

2005இல் அவருடைய முதல் தொகுப்பு 'அருளர்' வெளிவந்தது. அது தந்தை அறியப்பட்ட பெயர். மின்தாளமும் துள்ளலும் நிறைந்த அந்தத் தொகுப்பு, பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த தொகுப்பையும் அதே கருவியில், அதே பாணியில் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவுக்குச் சென்று அங்குள்ள முன்னணித் தயாரிப்பாளர் டிம்பலேண்டுடன் பணியாற்றுவது அவருடைய திட்டமாக இருந்தது. ஆனால், அங்கு நீண்ட காலம் தங்கிப் பணியாற்ற அவருக்கு விசா கிடைக்கவில்லை.

கதவு அடைபட்டதும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு திசைகளில் கிளம்பினார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகச் சென்றார். சென்ற இடங்களில் கேட்ட ஒலிகளையும் சந்தித்த மனிதர்களையும் பாடல்களுக்குள் கொண்டுவந்தார். 2007 ஆகஸ்ட் மாதம் 'கலா' வெளிவந்தது.

இந்தத் தொகுப்பை நான் முதன்முதலில் முழுதாகக் கேட்டது உட்லண்ட்ஸிலிருந்து மரினா பே செல்லும் விரைவு ரயிலில். முக்கால் மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக ஓடும் தொகுப்பு அது. நம் ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், முதல் முறை எனக்குப் பிடிக்கவில்லை. ஈசூன் வருவதற்குள் நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெறும் இரைச்சலாகக் கேட்டது. ஆனால், தொகுப்பின் தொடக்கப் பாடலில் ஏதோ தெரிந்த ஒலி கேட்டதே என்ற எண்ணம் மட்டும் மனத்தில் நின்றது. திரும்பக் கேட்டபோது புரிந்தது. 1991இல் வந்த 'தளபதி' படத்தில் இளையராஜா இசையமைத்த 'காட்டுக்குயிலு' பாடலின் ஒலித்துண்டு அது! பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் எத்தனையோ முறை கேட்ட ஒலி, லண்டன் பாடகியின் தொகுப்பில் வேறு உடை உடுத்திக்கொண்டு நின்றது.

அடுத்து என்னை நிறுத்தியது உறுமி. உறுமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தைப்பூசக் காலத்திலும் ஜொகூர்க் கோயில் திருவிழாக்களிலும் அதன் ஒலியைக் கேட்டிருப்பீர்கள். இடை சிறுத்து, இருபுறமும் தோல் கட்டிய தோற்கருவி அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் விலங்கு உறுமுவது போன்ற, வயிற்றுக்குள் இறங்கும் ஒலி பிறக்கிறது. பெயர்க் காரணமும் அதுவே. எம்.ஐ.ஏ. தமிழ்நாட்டு உறுமி மேளக் கலைஞர்களைச் சேர்த்து ஒலிப்பதிவு செய்தார். 'பேர்ட் ஃபுளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களின் முதுகெலும்பே அந்த மேளம்தான். 'பேர்ட் ஃபுளூ' பாடலில் கோழிகள் கொக்கரிக்கும் ஒலியும் சிறுவர்களின் குரலும்கூட உண்டு. இலண்டன் இரவு விடுதிகளிலும் நியூயார்க் வானொலியிலும், அது என்ன கருவி என்றே தெரியாதவர்கள் அந்தத் தாளத்துக்கு ஆடினார்கள்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். புதிய பாணியைத் தேடிப் புறப்பட்டவர் கண்டெடுத்தது எதை? தம் முன்னோர் ஊர்த் திருவிழாவில் அடித்த மேளத்தை. 'அருளர்' தொகுப்பில் அவர் கையில் இருந்தது தொழிற்சாலையில் செய்த மின்கருவி. 'கலா'வில் வந்தது தோலும் மரமும். கேட்டவர்களுக்குப் புதுமையாகத் தோன்றியது, உண்மையில் தொகுப்பிலேயே மிகப் பழமையான பகுதி. பாணியை மாற்றுபவர் வேரை மறக்கிறார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சில வேளைகளில், வேறு பாணியைத் தேடிப் போனவர்தான் வேரில் கால் தடுக்கி நிற்கிறார்.

உறுமியோடு அவர் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வில்கேனியா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பூர்வகுடிச் சிறுவர்கள் சிலர் தங்கள் ஆற்றைப் பற்றியும் மீன்பிடிப்பதைப் பற்றியும் பாடிய சொல்லிசைப் பாடல் ஒன்று, 'டிஜெரிடூ' என்னும் நீண்ட மரக்குழலின் முழக்கத்தோடு இத்தொகுப்பில் வருகிறது. சிறுவர்களின் குரல் மெருகூட்டப்படாமல் அப்படியே இருக்கிறது. 1982இல் வெளிவந்த 'டிஸ்கோ டான்சர்' என்ற இந்திப் படத்தின் பாடலை 'ஜிம்மி' என்ற பெயரில் அவர் மீண்டும் பாடினார். சிறுவயதில் விருந்துகளில் அவர் ஆடிய பாடலாம் அது. பிறர் கேலி செய்யக்கூடிய ஒன்றை வெட்கப்படாமல் தொகுப்பில் சேர்த்தார் பாருங்கள், அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருந்தது.

தொகுப்பிலேயே புகழ்பெற்றது 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாடல். 'தி கிளாஷ்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த கிட்டார் ஒலியின் மேல் அது கட்டப்பட்டது. புலம்பெயர்ந்து வருபவர்களை மற்றவர்கள் எவ்வளவு சந்தேகத்துடன் பார்க்கிறார்கள் என்பதைக் கிண்டல் செய்யும் பாடல். 2008இல் அது அமெரிக்காவின் பாடல் தரவரிசையில் நான்காம் இடம் வரை சென்றது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படத்திலும் ஒலித்தது. அதே படத்துக்காக ஏ.ஆர். ரகுமானும் எம்.ஐ.ஏ.வும் சேர்ந்து உருவாக்கிய 'ஓ சாயா' ஆஸ்கர் விருதுக்கு முன்மொழியப்பட்டது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2007ஆம் ஆண்டின் மிகச் சிறந்த தொகுப்பாகக் 'கலா'வைத் தேர்ந்தெடுத்தது.

எம்.ஐ.ஏ. சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அவருடைய கருத்துகள் பலவும் கடும் விவாதத்துக்கு உள்ளானவை. நான் இங்கே பேசுவது அவருடைய இசைப் பயணத்தைப் பற்றி மட்டுமே. இருந்தாலும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. 2020இல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தினரிடமிருந்து அவர் எம்பிஇ விருதைப் பெற்றார். அந்த வகைப் பதக்கங்களின் நாடாக்களைக் கையால் தைக்கும் வேலையைத்தான் அவருடைய தாயார் பல ஆண்டுகள் செய்துவந்தார். மகள் அணிந்த பதக்கம், தாய் செய்த தொழில். தொகுப்புக்குத் தாயின் பெயரைச் சூட்டியது எத்துணைப் பொருத்தம்!

நம் இசையுலகிலும் இத்தகைய துணிவு புதிதன்று. திரையிசையில் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, 1986இல், இளையராஜா திரைப்படத்துக்கு வெளியே 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். கர்நாடக இராகங்களையும் மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் அருகருகே வைத்துப் பேசவைத்த அதனைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கினார். 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார். பாட்டும் இல்லை, கதாநாயகனும் இல்லை. ஆனாலும் இன்றும் வயலின் பயிலும் மாணவர்கள் அதை வாசிக்க ஆசைப்படுகிறார்கள்.

இப்போது மறுதரப்பையும் கேட்போம். "மாற்றம் என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் செய்யலாமா? தமிழ்ப் பாடலின் நடுவில் நாலு வரி ஆங்கிலச் சொல்லிசையை ஒட்டிவிட்டால் அது புதுமையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒட்டுவது புதுமையன்று. அடுத்தவருடைய இசை மரபை ஒரு சட்டைபோல எடுத்து மாட்டிக்கொண்டு, படம் பிடித்துக்கொண்டு, கழற்றி எறிந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட தொகுப்புகளை நானும் கேட்டிருக்கிறேன். பாதியில் நிறுத்தியும் இருக்கிறேன்.

வேறுபாட்டை எப்படிக் கண்டுகொள்வது? அந்தப் பாணிக்கு உரியவர்களிடம் போய்க் கற்றாரா என்று பார்ப்பேன். எம்.ஐ.ஏ. உறுமியின் ஒலியைக் கணினியில் போலியாகச் செய்துகொள்ளவில்லை; உறுமி அடிப்பவர்களிடமே சென்றார். எடுத்ததை எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டாரா என்றும் பார்ப்பேன். 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை எழுதியவர்களின் பட்டியலில் 'தி கிளாஷ்' குழுவினரின் பெயர்களும் இருக்கின்றன. பழைய ஒலிப்பதிவின் ஒரு துண்டை எடுத்துப் புதிய பாடலில் பதிப்பது இன்றைய இசையில் இயல்பான ஒன்று. பெயரைச் சொல்லி, உரிய பங்கைக் கொடுத்துப் பதிப்பது நேர்மை. மறைத்துப் பதிப்பது திருட்டு. எங்கள் புளோக் இளையரிடம் நான் முதலில் கேட்டதும் இதைத்தான்.

"உறுமிய எங்கப்பா கத்துக்கிட்ட?"

"ஜொகூர் பாருவுல ஓர் அண்ணன்கிட்டங்க. எட்டு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை போறேன். இன்னும் அந்தத் தேய்ப்பு ஒழுங்கா வரல."

வாராவாரம் கடற்பாலத்தைக் கடந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, ஒரு மேளத்தைக் கற்க ஒருவர் எட்டு மாதம் போய்வந்திருக்கிறார். மூன்று நிமிடப் பாடலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சனிக்கிழமைகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான், "பழைய பாட்டு ஒண்ணு பாடு" என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

உட்லண்ட்ஸில் வாழ்பவர்களுக்கு எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடு மட்டுமன்று. நீர்முகப்புப் பூங்காவில் நின்றால் அக்கரை தெரியும். அந்தக் கரையிலிருந்துதான் 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு வந்தது. தமிழில் சொல்லிசை முடியுமா என்று கேட்டவர்களுக்கு மலேசியத் தமிழ் இளையர்கள் அளித்த பதில் அது. அதில் 1980ஆம் ஆண்டு 'நிழல்கள்' படப்பாடலை அவர்கள் புதிதாக்கியது சென்னை வரை சென்று ஒலித்தது. சென்னையிலிருந்தே எல்லாம் வர வேண்டும் என்ற எண்ணம் அன்று கொஞ்சம் அசைந்தது.

நம் சிங்கப்பூரிலும் சான்று உண்டு. எஸ். ஜேசுதாசன் 1960களில் இயற்றிய 'முன்னேறு வாலிபா' பாடலைத் தமிழ் தெரியாத நண்பர்களும் பள்ளியில் கற்றுப் பாடுகிறார்கள். அணிவகுப்புக்கு ஏற்ற மிடுக்கான நடை அதற்கு. 2012ஆம் ஆண்டுத் தேசிய தினத்துக்காக, 2005இல் வசந்தம் ஸ்டார் போட்டியில் வென்ற ஷபீர் 'சிங்கை நாடு' பாடலை உருவாக்கினார். அது இன்றைய பாப் இசையின் நடையில் அமைந்தது. இரண்டும் நாட்டைப் பற்றியவை. இரண்டும் தமிழ். ஆனால், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. தமிழில் தேசியப் பாடல் என்றால் முதல் பாடலைப்போல்தான் இருக்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் இரண்டாவது நமக்குக் கிடைத்திருக்காது.

சிறிய சமூகம் என்று முன்பு சொன்னேனே, அதன் பொருளை இங்கே விளக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காட்டினர். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது 3.3 விழுக்காடாக இருந்தது. வீட்டில் குறையும் மொழியைப் பாடல் ஒன்றே காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், பதினைந்து வயது மாணவர் ஒருவரின் காதில் நாள்தோறும் விழுவது எது என்று எண்ணிப் பாருங்கள். சொல்லிசை கேட்க வேண்டுமா, ஆங்கிலம். நடனப் பாட்டு வேண்டுமா, கொரிய மொழி. தமிழ் என்றால் அம்மா சமைக்கும்போது ஒலி 96.8இல் கேட்கும் பழைய மெல்லிசை. மெல்லிசை அழகுதான். எனினும், தமிழுக்கு அந்த ஒரே அறைதான் உண்டு என்று அவர் நினைத்துவிட்டால், மற்ற உணர்வுகளுக்கு வேறு மொழியின் வீட்டுக்குத்தானே போவார்? கோபம், கிண்டல், குழப்பம், ஊர்சுற்றும் உற்சாகம், தேர்வு நேரத்துப் பயம் ஆகியவற்றுக்கும் தமிழில் ஒரு தாளம் இருக்கிறது என்று காட்டுவதற்கு, பாணியை மாற்றிப் பார்க்கும் பாடகர்கள் வேண்டும்.

அவர்களுக்கு இங்கே சந்தை மிகச் சிறியது. டிலனைப் பார்த்துக் கூச்சலிட்டவர்கள் போனாலும் அவருக்கு ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். எங்கள் சமூக மன்றத்தில் அன்று இருந்தவர்கள் நூற்றைம்பது பேர் இருக்கலாம். அதில் ஐம்பது பேர் முகம் சுளித்தால், அது அந்த இளையரின் உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த தொகுப்பில் உறுமியைப் பெட்டிக்குள் வைத்துவிடலாமா என்று அவர் யோசிக்க அதுவே போதும். உண்மையில் யோசித்திருக்கிறார். மின்தூக்கியில் பார்த்தபோது என்னிடமே சொன்னார்.

பிடிக்காததைப் பிடித்ததாக நடிக்கச் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொல்வதும் கலைஞருக்கு உதவியே. அந்த ஜோகெட் பாடலின் தாளத்தில் தமிழ்ச் சொற்கள் சில இடங்களில் மூச்சுவிட முடியாமல் நெருக்குப்பட்டன. குறில் வர வேண்டிய இடத்தில் நெடில் விழுந்து பொருளே மாறியது. அதை நான் அவரிடம் சொன்னேன். அவரும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். நான் வேண்டுவது அதற்கு முந்திய படி. தொகுப்பை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். முப்பது விநாடியில் விரலால் தள்ளிவிடாதீர்கள். 'கலா'வை ஈசூனில் நிறுத்தியிருந்தால் அந்த உறுமியை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

வரும் தீபாவளிக்கு முன் அதே மன்றத்தில் அவர் மீண்டும் பாடப் போகிறார். அந்தப் பெரியவரும் வருவார். எங்கள் காப்பிக்கடையில் தினமும் சந்திக்கும் மனிதர்தான். பழைய பாட்டை அவர் மீண்டும் கேட்கலாம், இளையரும் பாடத்தான் போகிறார். உறுமிப் பாடலை மட்டும் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, எல்லாரும் களைப்படைவதற்கு முன் பாடும்படி நான் சொல்லியிருக்கிறேன். பாடுவதற்கு முன் அந்த மேளத்தைத் தூக்கிக் காட்டி, எப்படித் தேய்ப்பது என்று ஒரு நிமிடம் விளக்கவும் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தேய்ப்பு சரியாக வந்துவிடும் என்கிறார். இன்னும் ஏழு சனிக்கிழமைகள் இருக்கின்றன.